கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர்: முழுமையான வழிகாட்டி

ஊர்க் கோயில், பள்ளிக்கூடம், சர்ச், பள்ளிவாசல், ஊராட்சி அலுவலகம் என்று எங்கே போனாலும் இன்று சொந்தமாக ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பெரும்பாலும் 100 முதல் 250 வாட் வரையிலான மிக்சர் ஆம்ப். அஹுஜா மாதிரி ஒரு கம்பெனிப் பெட்டி, கூடவே நான்கைந்து குழாய் ஸ்பீக்கர், இரண்டு மைக். வாடகைக்கு எடுத்த காலத்தில் மைக்செட்காரர் வந்து கட்டி, பாட்டுப் போட்டு, கழற்றிக்கொண்டு போய்விடுவார். சொந்தமாக வாங்கியதும் அந்தப் பொறுப்பு கமிட்டியில் இருக்கும் ஒரு தம்பிக்கோ, பி.டி. சாருக்கோ வந்து சேர்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்ப் தானாகக் கெடுவது குறைவு. தப்பான ஸ்பீக்கர் இணைப்பு, தப்பான கரண்ட், தேவைக்கு மேல் திருகுவது என்ற மூன்றும்தான் அதைக் கெடுக்கின்றன. இவற்றில் முதல் இரண்டும் ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியிலும் ஸ்விட்ச் போடும் இடம் கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

முன்பக்கத்துத் திருகுகளைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும். பெட்டியைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தை முதலில் படியுங்கள். ஒரு வரிசையாகத் திருகு முனைகள் இருக்கும்: காம் (பொது முனை), 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒரு ஒயர் எப்போதும் காமுக்கு. மற்ற ஒயர் மீதி முனைகளில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும். 4 ஓமில் ஒரு செட், 100 வோல்ட்டில் இன்னொரு செட் என்று ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் கட்டக் கூடாது. இந்த முனைகள் எல்லாம் உள்ளே ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருபவை. இரண்டு பக்கமும் இழுத்தால் சுமை கூடி அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறிப் போய்விடும்.

அடுத்து ஃபியூஸ் கூடு, எர்த் முனை, பேட்டரி முனை. ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதெல்லாம் அங்கேயே அச்சிட்டிருக்கும். இந்தப் பின்பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஃபியூஸ் போனால் அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

ஸ்பீக்கர் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மெக்கானிக் கடை மேசைக்கு வந்து சேரும் ஆம்புகளில் நிறைய இந்தக் கணக்குத் தெரியாததால் வந்தவை.

ஸ்பீக்கர்களைக் கட்ட இரண்டு முறைகள் இருக்கின்றன. முதலாவது ஓம் முறை. குழாயின் பின்னால் திருகும் யூனிட் பொதுவாக 16 ஓம். இரண்டு யூனிட்டை இணையாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துக் கட்டினால் 8 ஓம் ஆகும். அதை 8 ஓம் முனையில் கொடுக்க வேண்டும். நான்கைச் சேர்த்தால் 4 ஓம். 4 ஓம் முனை. ஐந்தாவது குழாயையும் சேர்த்துக் கட்டினால் மொத்தம் 3.2 ஓமுக்கு இறங்கிவிடும். அதைக் கொடுக்க முனையே இல்லை. “ஒண்ணுதானே, சேர்த்துக் கட்டு” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓம் குறையக் குறைய ஆம்ப் இழுக்கும் கரண்ட் கூடும், சூடும் கூடும்.

இரண்டாவது 100 வோல்ட் லைன் முறை. ஒவ்வொரு யூனிட்டோடும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் 10 வாட், 20 வாட், 30 வாட் என்று வேண்டியதைத் தேர்ந்து இணைக்கலாம். இங்கே ஓம் கணக்கே வேண்டாம். வாட்டைக் கூட்டினால் போதும். 250 வாட் ஆம்பில் 30 வாட் வைத்து ஆறு குழாய் போட்டால் 180 வாட். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டுப் போட்டாலும் 240 தானே என்று தோன்றும். ஆனால் திருவிழாவில் ஆம்ப் காலையிலிருந்து இரவு வரை ஓடுகிறது. ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வைத்தால்தான் அது மூச்சுவிடும்.

தூரம் போக வேண்டும் என்றால் 100 வோல்ட் லைனைத் தவிர வேறு வழியில்லை. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 100 மீட்டர் தூரம் இழுத்தால், போக வர 200 மீட்டர். அந்த ஒயரே சுமார் மூன்றரை ஓம் தடை கொடுக்கும். மறுமுனையில் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், ஆம்ப் தரும் சக்தியில் பத்தில் மூன்று பங்கு ஒயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அதே ஒயரில் 100 வோல்ட் லைனில் 100 வாட் லோடு வைத்தால் அந்த லோடு 100 ஓமுக்குச் சமம். இழப்பு நூற்றுக்கு மூன்று, நான்குதான். மின்வாரியம் கரண்டை உயர் அழுத்தத்தில் கொண்டுவந்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. லைன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கரைத் தவறி 100 வோல்ட் முனையில் கொடுத்துவிட்டால், அது ஆம்பிடம் 1,250 வாட் கேட்கும். ஸ்பீக்கர் எரியும், அல்லது ஆம்ப் எரியும். லைனில் வரும் புதுக் குழாய் ஒவ்வொன்றிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஏழு என்றுதான் காட்டும். அது சரியான அளவே. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள லைனை மீட்டரில் அளந்தால் வருவது வெறும் செம்புச் சுற்றின் தடை. அதை வைத்து லோடைக் கணக்கிடக் கூடாது. லைன் அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் மீட்டர் உதவும்.

குழாயை எங்கே, எந்தப் பக்கம் கட்டுவது

ஒரு குழாய் தென்னை மரத்தில், இன்னொன்று எதிரே பள்ளிக்கூட மொட்டை மாடியில், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி: பல ஊர்களில் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். நடுவில் நிற்கும் ஆளுக்குப் பேச்சு புரியாததற்கு இதுவே காரணம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பக்கத்துக் குழாயின் சத்தம் முதலில் வரும். 100 மீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கும் குழாயிலிருந்து அதே சொல் நொடியில் பத்தில் மூன்று பங்கு தாமதமாக வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். இதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. மேடைப் பக்கமிருந்து கூட்டத்தை நோக்கி, எல்லாக் குழாயும் ஒரே திசையில் பார்க்கட்டும். முனை கொஞ்சம் கீழே சாய்ந்து இருக்கட்டும். வானத்தைப் பார்க்கும் குழாய் பக்கத்து ஊருக்குத்தான் பாடும்.

பக்கம் பக்கமாக இருக்கும் யூனிட்டுகளில் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஒன்றின் ஒலியை இன்னொன்று தின்றுவிடும். ஒயரில் கோடு போட்ட பக்கம் எப்போதும் பிளஸ் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: 100 வோல்ட் லைன் ஒயர் சத்தம் ஓடும்போது ஷாக் அடிக்கும். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும்.

கரண்ட், எர்த், ஜெனரேட்டர்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கோயில் திருவிழாவில் சீரியல் பல்பு, கிரைண்டர், மோட்டார் எல்லாம் ஒரே லைனில் ஓடும்போது சாயங்காலம் அது இறங்கும். இறங்கினால் சத்தம் உடையும். உடைந்த சத்தத்தைச் சரிசெய்வதாக நினைத்து வால்யூமை ஏற்றுவார்கள். அங்கே தொடங்குகிறது சிக்கல். முதலில் வோல்ட்டை அளந்து பாருங்கள்.

ஜெனரேட்டர் என்றால், ஓடவிட்டுச் சத்தம் சீரானபின் மீட்டரில் வோல்ட் பார்த்து, அதன்பிறகே பிளக்கைச் சொருகுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பக்கம் வோல்ட் 400 வரைக்கும் ஏறலாம். ஒரு நிமிடச் சோதனை பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக்கில் ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். இரைச்சல் குறைகிறது என்பார்கள். அது உயிரோடு விளையாடுவது. மைக்கின் உலோகக் கூடு ஆம்பின் கூட்டோடு சேர்ந்திருக்கிறது. ஆம்பில் கசிவு வந்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக் பிடிக்கும் பூசாரிதான் எர்த் ஆவார். மூன்று பின் பிளக், சரியான எர்த், முடிந்தால் கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பேட்டரியில் ஓட்டும்போது சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போகும். சில பெட்டிகளில் ஃபியூஸோடு நிற்காது. மெல்லிய ஒயர் போடாதீர்கள். தடித்ததாக, குட்டையாக இருக்கட்டும். மழை மின்னல் தொடங்கிவிட்டால், நிகழ்ச்சி பாதியில் இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இனி ஸ்விட்ச் போடலாம்

எல்லா வால்யூமும் பூஜ்யத்தில். மைக், போன், தனி மிக்சர் இருந்தால் அது என எல்லாம் ஆன் ஆனபின், ஆம்ப் கடைசி. அணைக்கும்போது ஆம்ப் முதலில். இந்த வரிசை மாறினால் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று ஓர் அடி விழும். அந்த அடி யூனிட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டுக்கு நல்லதல்ல.

அடுத்தது மாஸ்டர் திருகு. அதைப் பாதிக்கு வைத்துக்கொண்டு, மைக்கில் ஒருவரைப் பேசச் சொல்லி, அந்த மைக்கின் திருகை மெல்ல ஏற்றுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல் தெளிவாகக் கேட்டதும் நிறுத்திவிடுங்கள். அதுதான் அளவு. ஆம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அளவு வைக்காதீர்கள்; கடைசி வரிசைக்கு ஒருவரை அனுப்புங்கள், அல்லது நீங்களே நடந்து போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆம்பின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எப்போதாவது மின்னினால் பரவாயில்லை. நின்று எரிந்தால் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. காதுக்குக் கரகரப்பாகக் கேட்கும், யூனிட்டின் சுருளுக்கு அது சூடு. இதை நினைவில் வையுங்கள்: வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையா, திருகாதீர்கள். கூட்டத்தின் நடுவில் இன்னொரு ஸ்பீக்கர் வையுங்கள்.

மைக் ஊளையிட்டால்

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வருவதே அந்த ஊளை. மருந்தும் அதிலேயே இருக்கிறது: மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்க வேண்டும். பேசுபவர் வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் மைக்கைப் பிடிக்கட்டும். தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்குப் போகும் குரல் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், ஊளை வரும். பேசாத மைக்கை மூடிவிடுங்கள். திறந்திருக்கும் மைக் இரட்டிக்க இரட்டிக்க ஊளைக்கு முன்பு கிடைக்கும் இடம் 3 டெசிபல் வீதம் சுருங்குகிறது. பட்டிமன்ற மேடையில் ஆறு மைக்கையும் திறந்து வைத்திருப்பதுதான் அங்கே வரும் கூச்சலுக்கெல்லாம் மூலம்.

மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது இன்றைய மேடைப் பாடகர்களிடம் தொற்றிய பழக்கம். பொத்தினால் பின்பக்க ஒலியைத் தள்ளும் திறன் மைக்குக்குப் போய்விடும். ஊதிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ போதும்.

மைக் ஒயர் பத்து மீட்டரைத் தாண்டினால் மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் ஒயர் வாங்குங்கள். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். சாதாரண ஜாக் ஒயர் அந்தத் தூரத்தில் பக்கத்துக் கரண்ட் லைனின் இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். மைக் ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டவே கூடாது.

பாட்டுப் போடும்போது

ஆடி மாதம் பிறந்தால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு இல்லாத தெரு இல்லை. அந்தப் பாட்டு குழாயில் கேட்க ஏற்றது. குரலும் உடுக்கையும் குழாயின் எல்லைக்குள் அடங்கும். இன்றைய சினிமாப் பாட்டு அப்படியல்ல, அதில் பேஸ் அதிகம். குழாய் யூனிட் ஏறத்தாழ 300 ஹெர்ட்சுக்குக் கீழே வேலை செய்யாது. அந்த பேஸைக் கொடுத்தால் ஒலி வராது, தகடு மட்டும் கட்டுப்பாடில்லாமல் ஆடி அடிபடும். குழாய் கட்டியிருந்தால் பேஸ் திருகு முழுக்கக் கீழே. இதில் ரசனைக்கு இடமில்லை.

போனிலிருந்து பாட்டு வந்தால் போன் வால்யூம் முக்கால் பங்குக்கு மேலே, ஆம்பில் ஆக்ஸ் திருகு குறைவாக. மாற்றி வைத்தால் இரைச்சல்தான் பெருகும். போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் தீபாராதனை நேரத்தில் யாருடைய அழைப்போ ஊர் முழுக்கக் கேட்கும். சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் பாதி நேரம் அங்கிருந்துதான் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. திருவிழா, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேல் இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். கூம்புக் குழாய்க்குக் காவல் நிலையத்தில் அனுமதி கிடைக்காத ஊர்களும் உண்டு. விழாவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சட்டத்தை விடுங்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நெஞ்சுவலிக்காரரும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். பேச்சு கூட்டத்துக்குக் கேட்டால் போதும்.

பராமரிப்பு

ஆம்புக்கு முதல் எதிரி தூசி, அடுத்தது சூடு. பின்பக்க அலுமினியத் தகடுகள் காற்றில் ஆறுவதற்காகவே இருக்கின்றன. சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே துண்டு, பூத்தட்டு, விபூதிச் சம்புடம் எதுவும் வேண்டாம். கோயில்களில் இன்னொரு பிரச்சினை கற்பூரப் புகையும் விளக்குப் புகையும். அந்த எண்ணெய்க் கரி தூசியோடு சேர்ந்து உள்ளே பிசுக்காகப் படியும். ஆம்பை அர்த்தமண்டபத்தில் வைக்காமல் அலுவலக அறையில் வைத்து, மைக் ஒயரை மட்டும் உள்ளே இழுங்கள்.

மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் காற்றுத் துளைகளையும் ஃபேனையும் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். மூடியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பின்பும் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும். வருடம் ஒருமுறை, திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, அவரிடம் கொடுத்து உள்ளே தூசி ஊதி, திருகுகளை இறுக்கி வாங்குங்கள்.

திருகைச் சுற்றும்போது ‘கரகர’ என்றால் உள்ளே தூசி. இதற்கென்றே கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருக்கிறது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் விடுவது அந்தத் தூசியைச் சேறாக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஜாக், ஒயர் முனைகள் பச்சை பூக்கும். முனையை நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவிக் கட்டுங்கள்.

விழா முடிந்ததும் பரணில் போட்டு அடுத்த வருடம் எடுப்பதுதான் பெரிய தப்பு. ஓடாத ஆம்பில் ஈரம் இறங்கும், கெப்பாசிட்டர் சோரும். மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் மெல்லிய சத்தத்தில் ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டாமல், துணியால் மூடிப் பலகையின் மேல் வையுங்கள். காற்றுத் துளை வழியே பல்லி புகுந்து போர்டை ஷார்ட் ஆக்குவது நம் ஊரில் சகஜம். பயன்படுத்தாத நாட்களில் அந்தத் துணி பல்லியையும் தடுக்கும். ஆன் செய்யும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கோளாறு வந்தால்

விளக்கே எரியவில்லையா: பிளக், பிளக்பாயின்ட், பிறகு ஃபியூஸ். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். பெரியதோ, ஒயர் இழையோ கூடவே கூடாது. ஃபியூஸ் போக வேண்டிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். புது ஃபியூஸும் போனால் ஸ்பீக்கர் ஒயரை எல்லாம் கழற்றிவிட்டு இன்னொன்று போட்டுப் பாருங்கள். அது போகாமல் நின்றால் கோளாறு லைனில். எங்கோ ஒயர் ஷார்ட். அப்போதும் போனால் கோளாறு ஆம்புக்குள். மூன்றாவது ஃபியூஸை வீணாக்காதீர்கள்.

விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை என்றால் மைக்குக்குப் பதில் போனை மாட்டிப் பாருங்கள். போன் பாடினால் மைக் அல்லது மைக் ஒயர். நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் ஒயரின் ஜாக் முனையில்தான் உடைந்திருக்கும். போனும் பாடவில்லை என்றால் ஸ்பீக்கர் பக்கம் பாருங்கள். ஒரு சாதாரண 1.5 வோல்ட் செல்லை யூனிட்டின் முனைகளில் தொட்டு எடுத்தால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்காத யூனிட் போய்விட்டது. அரை மணி ஓடி நின்று, ஆறியபின் மறுபடி பாடினால் அது சூடு: காற்று, லோடு இரண்டையும் பாருங்கள். எதையும் மாட்டாதபோதும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல், அதுவும் பத்து வருடப் பழைய பெட்டி என்றால், கெப்பாசிட்டர் வற்றியிருக்கும். அதை மாற்றினால் பெட்டி இன்னும் பல வருடம் ஓடும். புதிது வாங்க வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது என்ன நடந்தது, எத்தனை குழாய் எந்த முனையில் கட்டியிருந்தது என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி அவருடைய பாதி வேலையைக் குறைக்கும். 3055, 5200-1943 மாதிரியான அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்குச் சந்தையில் போலி நிறைய. விலை கூடினாலும் நல்ல பொருளாகப் போடச் சொல்லி, கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள். சரிசெய்து வந்த ஆம்பை நேராகத் திருவிழா லோடில் ஏற்ற வேண்டாம். ஒரே ஒரு குழாயைக் கட்டி, பாதி வால்யூமில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அலுமினியத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்கும் அளவு சூடுதான் என்றால் மற்ற குழாய்களையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.